கரைந்தது எது? காம்ப்டோதெசின் சோடியம் உப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் சோதனைக்கூடத்தில் புற்றுசெல்லைக் கொல்கிறது, ஆனால் தண்ணீரில் கரைய மறுக்கிறது. மருந்தாக்கம், அதாவது ஒரு பொருளை நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக மாற்றும் கலை, படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின், குவர்செட்டின், பேக்ளிடாக்சல் என்று பட்டியல் நீளமானது. இங்கே நான் எடுத்துக்கொண்டது காம்ப்டோதெசின். அமெரிக்காவில் அதைக் கரைய வைக்க ஒரு வழி கண்டார்கள். நன்றாகவே கரைந்தது. நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். 1972-இல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அதே மூலக்கூறின் வழித்தோன்றல்கள் மருந்துக்கடைக்கு வந்தன.

அன்று மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளிகள், ஏற்றிய மருத்துவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. மூலக்கூறைக் கண்டெடுத்தவர்கள் போன்ற, வரலாற்றில் பதிவான சிலரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

காம்ப்டோதீகா அக்யூமினேட்டா தென் சீனத்து மரம். சீனர்கள் அதை ‘ஷி ஷு’ என்பார்கள். மகிழ்ச்சி மரம் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, கலிஃபோர்னியாவின் சிக்கோ என்ற ஊரிலிருந்த அரசுத் தாவரப் பண்ணையில் வளர்ந்தது. 1950-களில் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த மன்ரோ வால், கார்ட்டிசோன் தயாரிக்க உதவும் ஸ்டீராய்டுகளைத் தேடி ஏராளமான தாவரச் சாறுகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் ஒரு பகுதி புற்றுநோய்ச் சோதனைக்காகத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனது. அனுப்பியவற்றில் இந்த மரத்தின் சாறு தனித்து நின்றது.

வால் 1960-இல் வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிடியூட்டுக்கு மாறினார். மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி 1962-இல் அவருடன் சேர்ந்தார். பின்னாளில் பேக்ளிடாக்சல் என்ற புற்றுமருந்தைக் கண்டெடுத்ததும் இதே இருவர்தான். சுமார் 20 கிலோ மரத்தூளையும் பட்டையையும் வடித்து, ஒவ்வொரு பிரிவையும் எலியின் ரத்தப் புற்றில் சோதித்து, வீரியம் எந்தப் பிரிவில் போகிறதோ அதையே பின்தொடர்ந்தார்கள். 1966-இல் அமைப்பு வெளியானது. ஐந்து வளையங்கள் வரிசையாக ஒட்டிய தட்டையான மூலக்கூறு. கடைசி வளையமான ‘ஈ’ வளையம் ஒரு லாக்டோன். இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வளையத்தைச் சுற்றியே நடக்கிறது.

நமக்கும் இதில் ஒரு நேர்த் தொடர்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு பம்பாயில் சிபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்துக்குச் சென்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972-இல் மாப்பியா ஃபோட்டிடா என்ற மரத்தில் இதே காம்ப்டோதெசினைக் கண்டார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அந்த மரத்துக்கு இன்றைய தாவரவியல் பெயர் நோத்தபோடைட்டிஸ். அமெரிக்காவில் மருந்தைக் கைவிட்ட அதே ஆண்டில் இங்கே மரம் அடையாளம் காணப்பட்டது. பின்னர் மருந்துக்கு மவுசு வந்தபோது அந்த மரங்கள் கண்மண் தெரியாமல் வெட்டப்பட்டன. அது தனியாக எழுதவேண்டிய சோகம்.

கையில் இருந்த சிக்கல்

காம்ப்டோதெசின் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் மட்டுமே கரையும். இந்த எண்ணை அப்படியே கடந்துபோய்விடக் கூடாது. 100 மில்லிகிராம் மருந்தை நோயாளிக்கு ஏற்ற வேண்டும் என்றால் சுமார் 40 லிட்டர் நீர் வேண்டும். ஒரு மனிதர் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான்.

ஏன் இப்படி? கொழுப்புத்தன்மை அதிகம் என்பதால் கரையாத பொருள்கள் ஒரு வகை. அவற்றை எண்ணெயிலோ ஆல்கஹாலிலோ கரைத்துவிடலாம். காம்ப்டோதெசின் அந்த வகை இல்லை. தட்டையான மூலக்கூறுகள் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று இறுக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. உருகுநிலை 260 டிகிரிக்கு மேல். படிகத்தை விட்டு வெளியே வர அதற்கு மனமில்லை. அதனால் எண்ணெயிலும் சரியாகக் கரையாது, ஆல்கஹாலிலும் கரையாது. இந்தத் துறையில் இப்படிப்பட்ட பொருளைச் செங்கல் தூள் என்பார்கள். சரியான பெயர்.

எலிகளுக்கு இது சிக்கலாகவில்லை. நுண்துகளாக நீரில் கலக்கி வயிற்றறைக்குள் ஊசி போட்டால் போதும். மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதனின் நரம்பில் அதைச் செய்ய முடியாது. துகள் நுண்குழாய்களை அடைத்துவிடும்.

எடுத்த முடிவும் அதன் நியாயமும்

வேதியியல் ஒரு சுலப வழியைக் காட்டியது. லாக்டோன் என்பது ஒரு அமிலமும் ஆல்கஹாலும் ஒரே மூலக்கூறுக்குள் கைகோத்து உண்டான வளையம். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கை விலகும், வளையம் திறக்கும், கார்பாக்சிலேட் சோடியம் உப்பு கிடைக்கும். அது தண்ணீரில் தாராளமாகக் கரையும். கரைசலில் அமிலம் சேர்த்தால் வளையம் மறுபடி மூடிக்கொள்ளும். பழைய காம்ப்டோதெசின் திரும்பிவிடும்.

அன்று முடிவெடுத்தவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் இது முட்டாள்தனமாகத் தெரியாது. உப்பாக மாற்றுவது மருந்தாக்கத்தில் மிகப் பழைய, நம்பிக்கையான உத்தி. மாற்றம் இருவழிப்பட்டது என்பதால், உடலுக்குள் போனதும் வளையம் மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவும் இடமிருந்தது. கரையாத மருந்தை உடலுக்குள் கொண்டுசெல்ல இன்று நம் கையில் இருக்கும் லிப்போசோம், சைக்ளோடெக்ஸ்ட்ரின், நானோ தொங்கல் எதுவும் அன்று மருத்துவமனைக்கு வரவில்லை. குணப்படுத்த வழியில்லாத குடல் புற்றுநோயாளிகள் காத்திருந்தார்கள். புற்றுநோய் நிறுவனம் சோடியம் உப்பைத் தேர்ந்தெடுத்தது.

தவறு தேர்வில் மட்டும் இல்லை, வரிசையிலும் இருக்கிறது. உப்பு வடிவத்தின் வீரியத்தை முழுதாக எடைபோடும் முன்பே மனிதர்களிடம் போய்விட்டார்கள் என்று வாலும் வாணியும் பின்னாளில் எழுதினார்கள். எலிகளில் முறையாக ஒப்பிட்டபோது, சோடியம் உப்பின் வீரியம் மூடிய வளையத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. ஒரே எலிச் சோதனையில் பெற்றோரையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில வாரங்கள் போதும். அந்தச் சில வாரங்களை விட்டுவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மருத்துவமனையில் கண்டவை

முதல் கட்ட முடிவுகள் 1970-இல் வெளிவந்தன. வயிறு, குடல் புற்றுநோயாளிகள் சிலருக்குக் கட்டி சுருங்கியது. சுருக்கம் நீடிக்கவில்லை என்றாலும் நம்பிக்கை பிறந்தது. அப்புறம் பெரிய குழுவில் பார்த்தார்கள். முற்றிய குடல், இரைப்பைப் புற்று உள்ள 61 பேரில் இரண்டே பேருக்குத்தான் ஓரளவு பலன் தெரிந்தது. இது 1972.

பலன் இல்லாததைவிட நோயாளிகளை வாட்டியது பக்கவிளைவு. வாந்தி, வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு ஆகியவை புற்றுமருந்துகளில் எதிர்பார்க்கக்கூடியவை. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்கள் சரிந்தன. எந்த நோயாளிக்கு எந்த அளவில் சரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர்ப்பை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், பிறகு சிறுநீரில் ரத்தம். சிலருக்கு அது கடுமையான ரத்தக்கசிவு அழற்சியாக மாறியது. மருந்து கட்டியைத் தொடவில்லை, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. ஏன் அங்கே மட்டும் இவ்வளவு வேகம் என்பதற்கு அன்று விடை இல்லை.

ரத்தத்தில் மருந்து இருந்ததா என்றால், இருந்தது. காம்ப்டோதெசின் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அந்த ஒளிர்வை வைத்து அளந்தார்கள். மூடிய வளையம் எவ்வளவு, திறந்த வளையம் எவ்வளவு என்று அந்த அளவீடு பிரித்துச் சொல்லாது, மொத்தத்தைச் சொல்லும். கரைதிறன் சரி, ரத்த அளவு சரி, பலன் மட்டும் இல்லை. கணக்கு எங்கே இடறியது என்று காட்டக்கூடிய ஒரே எண் அவர்களிடம் இல்லை.

1972-இல் சோதனைகள் நிறுத்தப்பட்டன.

ஏன் இப்படி ஆனது

விடை துண்டு துண்டாக, இருபது ஆண்டுகளில் வந்தது. இங்கே ஒன்றாக அடுக்குகிறேன்.

மூடிய வளையமும் திறந்த வளையமும் பி.எச். எனப்படும் அமில-கார அளவைப் பொறுத்து ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். பி.எச். 5-க்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் லாக்டோன். 9-ஐத் தாண்டினால் முழுவதும் கார்பாக்சிலேட். ரத்தத்தின் பி.எச். 7.4. அந்த நிலையில், உடல் வெப்பத்தில், லாக்டோனில் பாதி அரை மணி நேரத்துக்குள் திறந்துவிடும். ஆகவே உடலுக்குள் போனால் மூடிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு நேர் எதிர்த்திசையில் இருந்தது. மூடிய வளையத்தையே கொடுத்திருந்தாலும் ரத்தம் அதைத் திறக்கத்தான் பார்த்திருக்கும்.

அதோடு முடியவில்லை. மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதம் கார்பாக்சிலேட்டை விரும்பிப் பிடித்துக்கொள்கிறது. திறந்த வடிவத்தை ஆல்புமின் எடுத்து ஒளித்து வைத்தால், சமநிலையைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் லாக்டோன் திறக்கும். அதையும் ஆல்புமின் பிடிக்கும். கடைசியில் மனித பிளாஸ்மாவில் மிஞ்சும் லாக்டோன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எலியின் ஆல்புமினுக்கு இந்த அளவு பிடிப்பு கிடையாது. எலியின் ரத்தத்தில் லாக்டோன் கணிசமாகவே நிற்கும். எலியில் கண்ட வெற்றி மனிதனில் ஏன் வரவில்லை என்பதற்கு இது பெரிய காரணம். 1990-களில்தான் இது தெளிவானது.

திறந்த வளையம் ஏன் வேலை செய்யவில்லை? அதற்கு மின்னூட்டம் உண்டு. செல்லின் சவ்வைக் கடப்பது கடினம். உள்ளே போனாலும் இலக்கில் சரியாகப் பொருந்தாது. அந்த இலக்கு எது என்பதே 1985-இல்தான் தெரிந்தது. டி.என்.ஏ.யின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் 1 என்ற நொதி, ஒரு இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, திரும்ப ஒட்டும். காம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயில் நுழைந்து ஒட்டவிடாமல் தடுக்கிறது. அந்த இடைவெளியில் பொருந்துவது மூடிய வளையத்தோடு உள்ள தட்டை மூலக்கூறுதான்.

சிறுநீர்ப்பையின் புதிரும் இதில் அவிழ்கிறது. கார்பாக்சிலேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீர் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. சிறுநீர்ப்பையில் அது மணிக்கணக்கில் தங்கும்போது வளையம் மூடிக்கொள்கிறது. கட்டிக்குக் கிடைக்க வேண்டிய வீரியமுள்ள வடிவம், உடலில் அது வேண்டவே வேண்டாத ஒரு பையில், செறிவாக உருவானது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நோயாளிகளின் வலிதான் நினைவுக்கு வருகிறது. அந்த வலி ஒரு தடயம். சிறுநீரில் வீரியம் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்கான கருவி அன்று இல்லை.

பின்னால் நடந்தவை

இலக்கு தெரிந்ததும் ஆர்வம் திரும்பியது. இம்முறை கேள்வி மாறியிருந்தது: ஈ வளையத்தைத் தொடாமல் கரைய வைப்பது எப்படி?

மூலக்கூறின் மறுமுனையில் கை வைத்தார்கள். டோப்போடெக்கான் என்ற வழித்தோன்றலில், முதல் வளையமான ‘ஏ’ வளையத்தின் ஒன்பதாம் இடத்தில் ஒரு டைமெத்தில் அமினோமெத்தில் குழுவும் பத்தாம் இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் குழுவும் உண்டு. அமின் என்பதால் அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரைடு உப்பாகும். முதல் முறையும் உப்பு, இம்முறையும் உப்பு. அன்று காரத்தோடு செய்த உப்பு வளையத்தைப் பலி கொடுத்தது. இது அமிலத்தோடு செய்த உப்பு, அமிலம் வளையத்தைக் காக்கும். இந்த மருந்தாக்கத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கரைதிறனைத் தரும் அதே அமிலச் சூழல்தான் வீரியத்தையும் பாதுகாக்கிறது. 4 மில்லிகிராம் குப்பியில் 20 மில்லிகிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள். புளியில் இருக்கிற அதே அமிலம். கரைசலின் பி.எச். 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்கும். அமெரிக்காவில் 1996-இல் சூலகப் (சினைப்பை) புற்றுக்கு அனுமதி கிடைத்தது.

ஜப்பானில் யாகுல்ட் நிறுவனம் வேறு பாதையில் போனது. இரினோடெக்கான் என்ற வழித்தோன்றலில் நீரை விரும்பும் ஒரு பெரிய பக்கக்குழுவைப் பத்தாம் இடத்தில் மாட்டினார்கள். உடலுக்குள் கார்பாக்சில் எஸ்டரேஸ் நொதி அதைக் கழற்றினால் எஸ்என்-38 என்ற பலமடங்கு வீரியமான பொருள் வெளிவரும். கரைதிறனைப் பயணத்துக்கு மட்டும் கடன் வாங்கி, ஊர் சேர்ந்ததும் திருப்பித் தருவது போல. ஜப்பானில் 1994-இலும், அமெரிக்காவில் 1996-இல் குடல் புற்றுக்கும் அனுமதி வந்தது. லாக்டிக் அமிலம் கலந்து பி.எச். 3.5-ஐ ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலப்பதே நல்லது என்று மருந்துத் தாளில் இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலின் அமிலப்பக்கச் சாய்வு வளையத்துக்கு உதவுகிறது.

மாட்டிய பக்கக்குழுக்களால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஏழாம், ஒன்பதாம் இடங்களில் இப்படி ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் மனித ஆல்புமினால் கார்பாக்சிலேட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க முடியாது. 9-அமினோ காம்ப்டோதெசின் என்ற இன்னொரு வழித்தோன்றலில் ஒன்பதாம் இடத்தில் இருப்பது ஒரு சிறிய அமினோ குழு மட்டுமே; அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எலியில் மனிதக் கட்டிகளை அபாரமாகச் சுருக்கிய அந்தப் பொருள், நோயாளிகளின் ரத்தத்தில் பெரும்பாலும் திறந்த வடிவிலேயே கிடந்து, இரண்டாம் கட்டச் சோதனைகளில் ஏமாற்றம் தந்து கைவிடப்பட்டது. முதல் முறை விழுந்த பள்ளத்திலேயே இரண்டாம் முறை.

இரினோடெக்கானும் எளிய மருந்து இல்லை. கடும் வயிற்றுப்போக்கு வரும். எஸ்என்-38-ஐ வெளியேற்றும் யுஜிடி1ஏ1 நொதி மரபிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவு சரியும். 2015-இல் கணையப் புற்றுக்கு அனுமதி பெற்ற லிப்போசோம் வடிவம், மருந்தை நுண்ணிய கொழுப்புப் பைக்குள் அடைத்து அனுப்புகிறது. 2019-இலும் 2020-இலும் வந்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கான், சாசிட்டுசுமாப் கோவிடெக்கான் ஆகியவை காம்ப்டோதெசின் குடும்பப் பொருளை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) என்ற புரதத்தின் முதுகில் ஏற்றிக் கட்டிக்கே கொண்டுபோகின்றன. கரையாத மருந்தைக் கரையும் புரதத்தோடு இணைத்துவிட்டால் நாற்பது லிட்டர் கணக்கே தேவைப்படாது.

இன்று செய்வதானால்

உப்பு வடிவம் கையில் கிடைத்த அன்றே, மூல வடிவத்தோடு ஒரே விலங்குச் சோதனையில், ஒரே நாளில் ஒப்பிட வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்ற எண் முதல் நோயாளிக்கு முன்னால் வந்திருக்கும்.

அளவீட்டில் இரண்டு வடிவங்களையும் பிரிக்க வேண்டும். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் லாக்டோனும் கார்பாக்சிலேட்டும் தனித்தனிச் சிகரமாக வரும். ரத்தம் எடுத்த கையோடு குளிர்ந்த மெத்தனாலில் புரதத்தை வீழ்படிவாக்கிவிட வேண்டும். மேசையில் வைத்துவிட்டு தேநீர் குடித்து வந்தால் விகிதம் மாறியிருக்கும். எலி பிளாஸ்மாவை மட்டும் நம்பாமல், மனித பிளாஸ்மாவில் 37 டிகிரியில் வைத்துப் பார்ப்பது இன்று ஒரு நாள் வேலை.

சிறுநீரைக் காரமாக வைத்திருந்தால் அந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை தப்பியிருக்கலாம் என்பது என் கணிப்பு. கட்டிக்கு எந்தப் பலனும் கூடியிருக்காது. அப்படி ஒரு தற்காலிகத் தீர்வு அன்றே கிடைத்திருந்தால் வீரியமற்ற உப்பை இன்னும் சில ஆண்டுகள் ஏற்றிக்கொண்டிருப்பார்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

நம் ஊர்க் கல்லூரிகளில் குர்குமினோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாகிறதே, அது காரம் குர்குமினின் புரோட்டான்களைப் பறிப்பதால் வருவது. அந்த வடிவம் நீரில் நன்றாகக் கரையும். கரைந்த வேகத்தில் சிதையவும் தொடங்கும். காரம் வரை போகவே வேண்டாம்: சீரம் இல்லாத பாஸ்பேட் தாங்கலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்), பி.எச். 7.2-இல், 37 டிகிரியில் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதக் குர்குமின் சிதைந்துவிடுவதை 1997-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கார நீரில் கரைதிறன் பல மடங்கு கூடியது என்ற வரைபடத்தைத் திட்ட அறிக்கையில் பார்க்கும்போது, அடுத்த பக்கத்தில் நான் தேடுவது ஒன்றுதான்: ஒரு மணி நேரம் கழித்து அதே குடுவையிலிருந்து எடுத்த மாதிரியில் குர்குமினின் சிகரம் இன்னும் இருக்கிறதா என்று.